புதுப்பிப்பு: தேக்கு நாற்காலி கால் ஆட்டம் நின்னுடுச்சு

பால்கனி தேக்கு நாற்காலியோட ஆடுற கால ஒட்ட பெவிகாலா, அரால்டைட்டா (ரெண்டு டியூப்ல வர்ற எபாக்சி பசை) எது நல்லதுனு முன்னாடி இங்க கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. பழைய பசைய சுரண்டிட்டு அசிட்டோன்ல (நெயில் பாலிஷ் ரிமூவர்ல வர்ற திரவம்) தொடச்சு அரால்டைட் போடுங்கன்னு ஒருத்தர் சொன்னாரு பாருங்க, அதான் வேலை செஞ்சுது. தேக்குல எண்ணெய் இருக்கும், அதத் தொடைக்கலன்னா பசை சரியா ஒட்டாது, தொடச்ச துணியே மஞ்சளாயிடுச்சு. கழுந்து (துளைக்குள்ள சொருகுற கட்டை முனை) தேஞ்சு துளைக்குள்ள லூசா இருந்ததால பெவிகால் மாதிரி வெள்ளைப் பசை சரிவராது, அது இடைவெளிய அடைக்காது, அரால்டைட் அடைச்சிடும். அந்த ரெண்டு டியூப்ல இருக்கற ரெசின், ஹார்ட்னர் சமமா கலந்து பூசி, கிளாம்ப் இல்லாததால சைக்கிள் டியூப சுத்தி ராத்திரி முழுக்க விட்டேன், ரொம்ப இறுக்கக்கூடாது, பசையெல்லாம் வெளிய பிதுங்கிடும். எதிர்பார்க்காதது ஒண்ணு, கொஞ்சமா பிதுங்குனதே கல்லு மாதிரி ஆகி உளி வச்சுதான் எடுத்தேன், அந்த இடத்துல பாலிஷும் ஏறல. காயறதுக்குள்ள தொடச்சிடுங்க. இப்ப சாஞ்சு உக்காந்தாலும் அசையல.