லொஃப்டில் (கூரைக்குக் கீழுள்ள பரணில்) சாமான் வைக்க, ட்ரஸ் பிரேசிங்கை (கூரையைத் தாங்கும் முக்கோண மரச் சட்டங்களைச் சாயாமல் பிடிக்கும் மரங்களை) கழட்டியதை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

ஹரோ_வாசி:
80களில கட்டின வீடு, வழக்கமான ஃபிங்க் ட்ரஸ் (உள்ள W மாதிரி மரம் வாற சட்டம்) கூரை. லொஃப்டுக்குப் பலகை அடிக்க ஒரு ஆளைப் பிடிச்சனான். மத்தியானம் தேத்தண்ணியோட ஏணியில ஏறினா, ரஃப்டருக்குக் (கூரையின்ர சாய்வு மரத்துக்குக்) கீழால சரிவா ஓடுற மெல்லிய மரங்களில ரெண்டைக் கழட்டிச் சாத்தி வச்சிருக்கிறார். "அண்ணை, இது கட்டேக்க ட்ரஸ் விழாம இருக்க அடிச்ச மரம், இப்ப தேவையில்லை. எடுத்தா நடுவில நல்ல இடம் வரும்" எண்டார். டோர்ச் அடிச்சுப் பாத்தன். மரம் இருந்த இடத்தில ஒவ்வொரு ட்ரஸ்ஸிலும் ரெண்டு ஆணி ஓட்டை, ஒரு ட்ரஸ்ஸும் விடுபடேல்லை. ரெண்டு நாளில கழட்டப்போற மரத்துக்கு ஆர் இப்பிடி ஒழுங்கா ஆணி அடிப்பான்? உடனே திருப்பி அடிக்கச் சொல்லி, காசைக் குடுத்து அனுப்பிப்போட்டன். காத்து அடிக்கிற இரவில இப்பவும் அந்த ஓட்டையள்தான் நினைவுக்கு வருது.

எம்கே_மாமா:
நாங்க வாங்க இருந்த வீட்டுல நடந்தது. மில்டன் கீன்ஸ், மூணு பெட்ரூம். ஏஜென்ட் "பெரிய ஸ்டோரேஜ் லாஃப்ட்"னு பெருமையா காட்டினார். பலகை, லைட், ஷெல்ஃப் எல்லாம் பக்கா. எங்க சர்வேயர் மேல போய் உச்சியிலேர்ந்து தூக்குக்குண்டைத் தொங்க விட்டார். நூல் ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம். ட்ரஸ் அத்தனையும் ஒரே திசையில சாஞ்சு நிக்குது. சரிவு பிரேசிங் ஒண்ணு கூட இல்ல, அறுத்த துண்டுகள்லதான் ஷெல்ஃப் அடிச்சிருக்காங்க! வீட்டம்மாவுக்கு ரொம்பப் பிடிச்ச வீடு, ஆனாலும் விட்டுட்டோம். அப்புறம் வேற யாரோ வாங்கிட்டாங்க, ஜன்னல்ல குழந்தைங்க படம் ஒட்டியிருக்கு. அவங்களுக்கு யாராவது சொன்னாங்களான்னு தெரியல.

சட்டன்_தம்பி:
எல்லாரும் கொஞ்சம் மிகைப்படுத்துறியள். எங்கட கூரையில குறுக்கு மரம் எடுத்துக் கனகாலம். 2018 பனியிலயும் ஒண்டும் நடக்கேல்லை. வீடு 1930களில கட்டினது, அந்தக் கால மரம் உறுதி.

கட்டடம்_படிச்சவள்:
@சட்டன்_தம்பி, உங்கள் பதிலிலேயே விடை இருக்கிறது. 1930களின் வீட்டில் இருப்பது ட்ரஸ் அல்ல. தச்சர் அங்கேயே அறுத்துக் கட்டிய கூரை, தடித்த ரஃப்டர், அதைக் குறுக்கே தாங்கும் பர்லின் மரம். அதை வைத்து ஹரோ_வாசிக்குத் தைரியம் சொல்லாதீர்கள். உங்களுடையதையும் ஒருவர் பார்ப்பது நல்லது.

என் அனுபவம் சின்னது: அக்கா வீட்டில் ட்ரஸ்ஸின் காலை (உள்ளே நிற்கும் மரத்தை) அறுக்க ரம்பம் எடுத்தவரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

இங்கிலாந்தில் 1960களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த பெரும்பாலான வீடுகளில் தொழிற்சாலையில் ஆணித்தகடு அடித்துச் செய்த ட்ரஸ்தான், 600 மில்லிமீட்டருக்கு ஒன்று. மரத்தின் தடிப்பு பெரும்பாலும் 35 மில்லிமீட்டர்தான். மேலிருந்து வரும் ஓட்டுப் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் வளைய விட்டால் தாங்காது. வளையாமல் பிடிப்பதும், கேபிள் சுவரில் (கூரை முனையின் முக்கோணச் சுவரில்) அடிக்கும் காற்றை வாங்கிக்கொள்வதும் பிரேசிங்தான். எடுத்த அன்றே கூரை விழாது, அதனால்தான் எடுத்தவர்கள் சரியென்று நம்பிவிடுகிறார்கள்.

அடுத்தது எடை. ட்ரஸ்ஸின் கீழ் மரத்துக்குச் சாமானுக்கென்று கணக்கில் வைப்பது சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ. அதே பரப்புக்கு 18 மில்லிமீட்டர் சிப்போர்டே (மரத்துகள் பலகையே) 12 கிலோ வரும். ஊருக்குக் கொண்டுபோகும் 23 கிலோ சூட்கேஸ் ஒன்றை வைத்தாலே கணக்கு தாண்டிவிடும். 270 மில்லிமீட்டர் இன்சுலேஷனை நசுக்கிப் பலகை அடிக்காதீர்கள், பலகைக்கு அடியில் தாங்கு கால்கள் வைத்து உயர்த்துங்கள். அறையே வேண்டுமென்றால் ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரும் பில்டிங் கன்ட்ரோலும் (கட்டட விதிகளைச் சரிபார்ப்பவர்கள்) இல்லாமல் ஒரு மரத்தையும் தொடாதீர்கள்.

ஹூஸ்டன்_கோபி:
இங்கயும் இதே கதைதான். சாமான் வைக்காத அட்டிக்குக்கு (லாஃப்ட்தான்) கணக்கு சதுர அடிக்கு 10 பவுண்டு, கொஞ்சம் வைக்கலாம்னா 20. பக்கத்து வீட்டுக்காரர் கராஜ் மேல ஏசி டக்ட் போக வழி விட ட்ரஸ் காலை அறுத்திருந்தார். விற்கும்போது இன்ஸ்பெக்டர் பிடிச்சு, எஞ்சினியர் கடிதம் இல்லாம கையெழுத்து போட மாட்டேன்னுட்டார்.

ஹரோ_வாசி:
நான் அறிவுரை கேக்கேல்லை அக்கா, ஆனா எஞ்சினியரைக் கூப்பிட்டது நல்லதாப் போச்சு. திருப்பி அடிச்ச மரத்தில ஒண்டு நுனியில பிளந்திருக்காம், புது மரம் போட்டு, பழைய ஓட்டையில இல்லாம தள்ளி ஆணி அடிக்கச் சொன்னார். பலகை நடுவில மட்டும். புத்தகப் பெட்டியள் கராஜுக்குப் போகுது. @எம்கே_மாமா, அந்த வீட்டுக் கதவில ஒரு கடிதமாவது போட்டுவிடுங்கோ.