1971 சிலோன் குத்திக்காசு: புரூஃபா, மினுக்கினதா? அனுபவங்களை எழுதுங்கோ

கொக்குவில்காரன்:

1971 சிலோன் காசு உதிரியாகக் கைமாறும்போது "இது புரூஃப்" என்ற ஒரு சொல்லிலேயே விலை பல மடங்கு ஏறுகிறது. அந்த ஆண்டு பிரித்தானிய நாணயசாலையான றோயல் மின்ற் 1, 2, 5, 10, 25, 50 சதமும் 1 ரூபாயுமாக ஏழு காசு கொண்ட புரூஃப் தொகுதி ஒன்றை அடித்தது. அதே ஆண்டு, அதே உருவம், அதே உலோகத்தில் புழக்கக் காசும் வந்தது. ஆகவே ஆண்டைப் பார்த்தோ தராசில் வைத்தோ பிரிக்க ஏலாது. உறையோடு வருவது குறைவு. தொகுதியைப் பிரித்து எடுத்த தனிக் காசுதான் எங்கட பக்கம் கூட வருகிறது.

அடிப்படையை ஒருக்கால் சொல்லிவிடுகிறேன். புரூஃப் என்பது காசின் தரம் அல்ல, அடித்த முறை. காசின் உருவம் பள்ளமாக வெட்டின உலோக அச்சை முகம் தெரியும் வரை மினுக்குவார்கள். வெற்றுத் தகட்டையும் மினுக்குவார்கள். பிறகு தகட்டைக் கையால் ஒவ்வொன்றாக வைத்து, கூடிய அழுத்தத்தில் ஒரு தடவைக்கு மேல் அடிப்பார்கள். அடித்த காசை ஓரத்தில் பிடித்துத்தான் எடுப்பார்கள். புழக்கக் காசு ஒரே அடி; ஒன்றன் மேல் ஒன்றாகத் தொட்டிக்குள் விழுந்து, எண்ணப்பட்டு, மூட்டையில் போகும். அந்த வேறுபாடு காசின் முகத்தைச் சுற்றி எழும்பி நிற்கும் விளிம்பிலும் எழுத்தின் அடியிலும்தான் அழியாமல் நிற்கும். மினுக்கத்தை யாரும் பிறகு ஏற்றலாம்.

யார் வீட்டில் எடுத்தது, என்ன விலை என்பதெல்லாம் வேண்டாம். கைக்கு வந்த காசு எதை எப்படிக் காட்டியது என்று மட்டும் எழுதுங்கோ.

வண்ணைப் பத்தர்:

இங்க புரூஃப் எண்டு வாறதில முதல் சந்தேகப்பட வேண்டியது பொலிஷ் மெசினில பிடிச்ச புழக்கக் காசை. நகைப் பட்டறையில இருக்கிற அதே துணிச்சில்லு, மினுக்கிறதுக்குப் பூசிற அதே சிவப்பு ரூஜ் கட்டி. செப்பு-நிக்கல் ரூபாய் ரெண்டு நிமிசத்தில முகம் தெரியுமளவுக்கு மினுங்கும். ஆனா சில்லு எழுத்து, உருவ மேட்டையும் அதுகளுக்கு இடையில வெறுமையாக் கிடக்கிற திறந்த வெளியையுந்தான் தொடும், ஒடுங்கின பள்ளத்துக்குள்ள போகாது.

அதால 10 மடங்கு வில்லையை எடுத்து முதல் எழுத்துச் சுழிகளுக்குள்ள பாருங்கோ. எங்கட காசில தமிழும் சிங்களமும் இருக்கிறது இந்த விசயத்தில பெரிய வசதி. ரெண்டு எழுத்திலயும் மூடின சுழி நிறைய. மினுக்கின காசில சுழிக்கு வெளிய பளபளப்பு, உள்ள மங்கல். சிலதில பழைய அழுக்கும் ரூஜின்ர சிவப்பும் அப்பியிருக்கும். புரூஃபில உள்ளயும் வெளியயும் ஒரே பளபளப்பு. ஆரோ செலவழிச்சுத் தேஞ்சு போன புரூஃப் எண்டா மற்றப் பக்கமா இருக்கும்: திறந்த வெளி கீறுப்பட்டு மங்கி, 9 இன்ர வளையத்துக்குள்ளயும் சுழிகளுக்குள்ளயும் மட்டும் கண்ணாடி தப்பிக் கிடக்கும். அப்பிடி ஒண்டு வந்தா "தேஞ்ச காசு" எண்டு தள்ளி விடாதேங்கோ. அது இப்பவும் புரூஃப்தான், விலை குறைஞ்ச புரூஃப்.

ரெண்டாவது, எழுத்து வெளியோட சேருற மூலை. புரூஃபில சுவர் நேரா இறங்கி, மூலை கூரா நிக்கும். சில்லில பிடிச்சதில எழுத்தின்ர ஒரு பக்கம் மட்டும் சரிஞ்சிருக்கும், ஏனெண்டா சில்லு ஒரு திசையிலதான் இழுக்கும். வில்லைக்குக் கீழ மெல்லிய கோடுகள் வெளியில தொடங்கி எழுத்து மேல ஏறி மற்றப் பக்கம் இறங்கிப் போறதும் தெரியும். ஓரத்துப் பல் வரிகளின்ர நுனியும் மழுங்கியிருக்கும்.

நிக்கல் முலாம் பூசின காசும் வருது. செப்பு-நிக்கல் காந்தத்தில ஒட்டாது. சின்ன நியோடைமியம் காந்தத்தை நூலில கட்டித் தொங்கவிட்டு, காசைக் கிட்டக் கொண்டு போங்கோ. முலாம் தடிப்பா இருந்தா காந்தம் காசுப் பக்கம் லேசா அசையும். அசையாட்டி முலாம் இல்லை எண்டு முடிவு கட்டாதேங்கோ, மெல்லிசா இருந்தா இழுவை தெரியாது. அப்ப வில்லையில பாருங்கோ: கூர்மூலை எல்லாம் மெழுகு உருகி நிரம்பினது மாதிரி உருண்டிருந்தா முலாம்.

தென்மராட்சி:

பத்தர் சொன்னது செய்கை மினுக்கத்துக்கு. மெசினில பிடிக்காத, புது மூட்டையிலிருந்து நேராக எடுத்து வைத்த காசு இதைவிடக் கஷ்டம். புது அச்சில் விழுந்த முதல் காசுகளுக்கு இயல்பாகவே வெளி மினுங்கும். தகடு இல்லாமல் மேல் அச்சும் கீழ் அச்சும் மோதினால் ஒன்றின் தடம் மற்றதில் பதியும். அந்தத் தடத்தைக் கல்லால் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்பவும் அச்சைப் பாவிப்பார்கள். அதற்குப் பிறகு வரும் காசுகளும் மினுங்கும். இவை நல்ல காசுகள், ஆனால் புரூஃப் அல்ல.

இவற்றைப் பிரிக்க மூன்று பார்வை. இருட்டறையில் ஒரே ஒரு பல்ப் போதும், ரியூப் லைட் வேண்டாம்.

காசைப் பல்புக்குக் கீழே சாய்த்துச் சுழற்றுங்கோ. புழக்கக் காசில் நடுவிலிருந்து ஓரம் வரை ஒளிக்கீற்று ஒன்று காசோடு சேர்ந்து சுழலும். அடி விழும்போது உலோகம் வெளிப்பக்கமாக ஓடி அச்சை அரிக்கிறது. அந்த நுண்கோடுகள் காசிலும் பதிந்து ஒளியை அப்படித் தருகின்றன. புரூஃபில் கீற்றுச் சுழலாது. சாய்வைப் பொறுத்து வெளி முழுக்கக் கறுக்கும், அல்லது முழுக்க வெளிச்சமாகும்.

பிறகு கோடுகள். அச்சைத் தேய்த்ததால் வந்த கோடு காசில் மேடாக இருக்கும், எழுத்தின் காலடியில் நின்றுவிடும். அச்சில் எழுத்து பள்ளம், தேய்த்த கல் அதற்குள் இறங்கவில்லை. காசையே துடைத்ததால் வந்த கீறல் பள்ளமாக இருக்கும், எழுத்தின் மேலும் ஏறும். புரூஃபிலும் அச்சுக்கோடு வரலாம், அதைக் குறையாக எடுக்கத் தேவையில்லை. துடைத்த கீறல்தான் குறை.

மூன்றாவது விளிம்பு. இதைத்தான் நான் கடைசித் தீர்ப்பாக எடுப்பேன். சந்தேகக் காசையும் அதே வகைப் புழக்கக் காசு ஒன்றையும் பக்கவாட்டில் நிறுத்தி, விளிம்பின் மேல்தளம் ஓரத்தைச் சந்திக்கும் மூலையை வில்லையால் பாருங்கோ. புரூஃபில் அது செங்கோணம். சிலதில் மயிரிழைத் தடிப்பில் உலோகம் மேலெழுந்து, விரல் நுனியில் கூராகப் படும். மேலதிக அடியில் உலோகம், அடிக்கும்போது தகட்டைச் சுற்றி நிற்கும் வளையத்துக்கும் அச்சுக்கும் இடையிலான கடைசி மூலை வரை போய் நிரம்பியதால் அப்படி. புழக்கக் காசில் அந்த மூலை சற்று உருண்டது. எந்தச் சில்லாலும் உருண்ட மூலையைச் செங்கோணமாக்க முடியாது.

அச்சுப்பத்திரிகைத் துண்டைக் காசுக்குப் பக்கத்தில் நிறுத்தி எழுத்து வாசிக்கும் சோதனையும் உண்டு. முதல் அடிக் காசில் நடுவெளியில் கிட்ட வைத்தால் வாசிக்கலாம், சற்றுத் தள்ளினால் கலங்கும், எழுத்துகளுக்கு இடைவெளியில் ஒன்றும் தெரியாது. புரூஃபில் எழுத்துக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட ஒடுங்கின பட்டியிலும் பிம்பம் தெளிவாக இருக்கும்.

இளையவன்:

அண்ணை, உருவத்தில வெள்ளை மணல் பூத்த மாதிரி இருந்தாத்தானே புரூஃப்? பெட்டி, சான்றிதழோட வந்தா இதெல்லாம் பாக்கத் தேவையில்லைத்தானே?

கொக்குவில்காரன்:

தம்பி, அந்த வெள்ளை அச்சில் உருவப் பள்ளத்தை மணல் ஊதியோ அமிலத்தால் அரித்தோ எடுப்பது. அடிக்க அடிக்க அது தேய்ந்து போகும். அதே அச்சின் பிந்திய புரூஃபுகளில் உருவமும் மினுங்கும், வெள்ளை இருக்காது. பழைய புரூஃபுகளில் வெள்ளையே இல்லாதவையும் ஏராளம். வெள்ளை இருந்தால் நல்லது, இல்லாததால் தள்ளக் கூடாது. உருவத்தை மட்டும் அமிலம் பூசி வெளுக்கப் பண்ணின புழக்கக் காசில் வெள்ளை எழுத்தின் ஓரத்தைத் தாண்டி வெளிக்குள் கசிந்திருக்கும்.

பெட்டி சாட்சி இல்லை. பிளாஸ்ரிக் உறையின் ஒட்டை அவிழ்த்து ஒரு காசை மட்டும் மாற்றி வைப்பது எளிது. உறையின் ஓரத்தில் திறந்த வெடிப்பு, உள்ளே விரல்ரேகை, ஒரு காசு மட்டும் வேறு நிறமாகக் கறுத்திருப்பது, இந்த மூன்றையும் பாரும். ஒரே உறைக்குள் இத்தனை வருசம் கிடந்த ஒரே உலோகக் காசுகள் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் நிறம் மாறும்.

இந்தியக் காசு எண்டால் ஒரு சுகம் இருக்கு. பம்பாய் நாணயசாலை புழக்கக் காசில் ஆண்டுக்குக் கீழே வைரக்குறி போட்டது. புரூஃபில் ஆங்கில பி எழுத்து. நகரின் பெயர் மும்பை ஆன பிறகு எம். எங்கட 1971 காசுகளில் அப்படிக் குறி ஒன்றும் இல்லை, கண்ணைத்தான் நம்ப வேணும்.

பருத்தித்துறைக் கரை:

1 சதமும் 2 சதமும் அலுமினியம். ரூபாய்க்குச் சொன்ன சோதனை எல்லாம் அப்படியே இதுக்குப் பொருந்தாது. உலோகம் மெத்து, கடுதாசி உரசினாலும் கீறும். அதால புரூஃப் அலுமினியத்திலும் வெளி முழுக்க மெல்லிய கீறல் இருக்கும். அதைப் பார்த்துப் புழக்கக் காசு எண்டு ஒதுக்குவது நட்டம். உப்புக்காத்துப் பட்ட அலுமினியத்தில வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழும், அந்தக் குழியை ஒண்டும் செய்ய ஏலாது.

வடிவம் உள்ள காசுகளில நான் ஓரத்தைத்தான் பார்ப்பேன். 2 சதமும் 10 சதமும் வளைவு வளைவான ஓரம், 5 சதம் மூலை உருண்ட சதுரம். நடுவில இருந்து தூரமான மூலைக்குத்தான் உலோகம் கடைசியாப் போகும். புழக்கக் காசில அந்த மூலைகளில விளிம்பு பதிவு குறைஞ்சு, ஒரு மூலை தடிப்பாயும் மற்றது மெலிஞ்சும் இருக்கலாம். புரூஃபில நாலு மூலையும் ஒரே உயரம். 5 சதத்தில இது வெறுங்கண்ணுக்கே தெரியும்.

மாரி காலத்தில பழைய பிவிசி பிளாஸ்ரிக் உறைக்குள்ள வைச்ச 10 சதத்தில பச்சைப் பசை வரும். துடைக்காதேங்கோ. சுத்தமான அசிற்றோனை, நகப்பூச்சு அழிக்கிற திரவத்தை இல்லை, கண்ணாடிக் கோப்பையில விட்டுக் காசை ஊற வையுங்கோ. அழுக்கானா மாத்தி இன்னொருக்கால் ஊற வைச்சு, ஓரத்தில பிடிச்சு எடுத்துத் தானாக் காய விடுங்கோ. காத்தோட்டமான இடத்தில, நெருப்புக்கு எட்ட வைச்சுச் செய்யுங்கோ. காசு உறைக்குள்ள இருக்க ஊத்தினா பிளாஸ்ரிக் கரைஞ்சு காசில ஒட்டும்.

தென்மராட்சி:

1957 புத்த ஜெயந்தி 5 ரூபாயையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 925 வெள்ளி, 28.28 கிராம். இதிலும் புழக்க அடி, புரூஃப் அடி இரண்டும் உண்டு. வெள்ளி என்பதால் கறுத்ததும் திருநீறு, புளி, பற்பசை என்று எதையாவது போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். நகைக்கடைத் திரவத்தில் தோய்த்தெடுத்தது இன்னொரு வகை: கீறல் இராது, ஆனால் மேற்பரப்பு அரிபட்டு, காசு வெள்ளையாக இருக்கும், பிம்பம் மட்டும் கலங்கும். அதில் ஒளியை நம்பாமல் நேரே விளிம்பு மூலைக்குப் போங்கோ. கறுத்துக் கிடக்கும் புரூஃபைக் கறுப்போடு வைத்திருப்பதே நல்லது; அந்தக் கறுப்புக்கு ஊடாகவும் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடி தெரியும்.

இளையவன்:

ஃபோனில போட்டோ அனுப்பி விக்கிறவையிட்ட என்ன கேக்கிறது?

வண்ணைப் பத்தர்:

நேர மேலால எடுத்த போட்டோவை ஏற்காதேங்கோ. கறுப்புத் துணியைக் காசுக்கு எதிரே பிடிச்சா மினுக்கின புழக்கக் காசும் கறுத்த வெளியாத்தான் விழும். மூண்டு கேளுங்கோ: ஒரே பல்புக்குக் கீழ மெதுவாச் சாய்க்கிற பத்துச் செக்கன் வீடியோ, காசை நிறுத்தி ஓரத்தை எடுத்த போட்டோ, ஆண்டு எண்ணையும் ஒரு தமிழ் எழுத்தையும் கிட்ட எடுத்த போட்டோ. வீடியோவில அழகாக்கிற ஃபில்ரர் போட்டிருந்தா பிடிச்சிருக்கிற விரலின்ர ரேகையும் அழிஞ்சிருக்கும், அதில தெரியும். ஓரத்துப் போட்டோவை மட்டும் தர மாட்டன் எண்டா வாங்காதேங்கோ.