ஊசி நடுவிலேயே நின்றது: டர்போ ரோட்டரி காடி வைத்திருந்தவர்களின் அனுபவங்கள்

செலாயாங்காரர்

நண்பர்களே, ‘மாஸ்டாவின் டர்போ ரோட்டரி காடி (கார்) ஆர்எக்ஸ்-7 வாங்கலாமா, இஞ்சின் தாங்குமா’ என்று மாதம் இரண்டு பேராவது என்னைக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். இஞ்சின் போனவர்கள் நீங்களும் எழுதுங்கள். எவ்வளவு செலவானது என்பதைவிட, போவதற்கு முந்தைய வாரங்களில் காடி என்ன காட்டியது என்று எழுதுங்கள். வாங்கப் போகிறவருக்கு அதுதான் உதவும்.

என்னுடையது எஃப்டி3எஸ், அதாவது மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7, 1996-ஆம் வருடக் காடி. 13பி-ஆர்இடபிள்யூ இஞ்சின். பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண ரோட்டர், 654 சிசி வீதம் இரண்டு, ஆக 1308 சிசி. இரண்டு டர்போ. கீழ் வேகத்தில் ஒன்று மட்டும் வேலை செய்யும், 4,500 ஆர்பிஎம் வாக்கில் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். அந்த இடத்தில் முதுகு இருக்கையில் அழுந்துவதை ஒரு முறை உணர்ந்தவனுக்கு வேறு காடியில் மனம் ஒட்டாது.

2013 தைப்பூசத்துக்கு முந்தைய நாள் மாலை. எம்ஆர்ஆர்2 சுற்றுச்சாலை வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பத்துமலைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே எல்லாம் நின்றுவிட்டது. பால்குடம் தூக்கியவர்கள் சாலையோரமாக நடந்து என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஏர்கோன் போட்டபடி ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வெப்ப ஊசி நடுவில் நின்றது, இம்மி அசையவில்லை. ஆனால் ஒரு வாசம் வந்தது. வெல்லப்பாகு அடிப்பிடித்தது போல இனிப்பான வாசம். சாலையோரத் தண்ணீர்ப் பந்தலில் ஏதோ காய்ச்சுகிறார்கள் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

அது கூலண்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) வாசம். வீட்டில் பொன்னட்டைத் திறந்து பார்த்தால், கூலண்டிலிருந்து காற்றைப் பிரிக்கிற சின்ன பிளாஸ்டிக் தொட்டியின் ஒட்டுவாயில் முடி போல ஒரு கீறல், அதைச் சுற்றிப் பச்சைப் பொருக்கு. 17 வருடம் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் அது. காடி வாங்கிய அன்றே நான் மாற்றியிருக்க வேண்டும். மறுவாரம் அலுமினியத் தொட்டி போட்டேன், பிரச்சினை தீர்ந்தது என்று நம்பினேன்.

மூன்று வாரம் கழித்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் காடி குலுங்கியது. ஒரு ரோட்டர் மட்டும் பிடித்தது, மற்றது பிடிக்கவில்லை. பின்னால் வெள்ளைப் புகை. பத்து விநாடியில் எல்லாம் சரியாகிவிடும், பிறகு நாள் முழுக்க அருமையாக ஓடும். இப்படி எட்டு நாள். ஒன்பதாம் நாள் குளிர்ந்த இஞ்சினில் கூலண்ட் மூடியைக் கழற்றி, ஸ்டார்ட் செய்யச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தேன். சோடா திறந்தது போலக் குமிழி விடாமல் வந்துகொண்டிருந்தது. எரிகிற அறையின் அழுத்தம் தண்ணீர்ப் பாதைக்குள் போகிறது என்று அதற்குப் பொருள். ராத்திரி நின்றிருக்கும்போது அதே வழியாகக் கூலண்ட் அறைக்குள் கசிந்திருக்கிறது. காலைப் புகை அதுதான்.

இஞ்சினைப் பிரித்தபோது போர்மேன் (மெக்கானிக்) தண்ணீர் சீலை, கூலண்ட் அறைக்குள் போகாமல் தடுக்கிற வளையத்தை, என் உள்ளங்கையில் வைத்தார். ரப்பர் வளையம்தான், ஆனால் வளைத்தால் வளையவில்லை. காய்ந்த மிளகாய் போல முறிந்தது.

அந்த ஊசியை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. இந்தக் காடியின் அசல் மீட்டரில் ஊசி ஓர் அகலமான வெப்ப இடைவெளி முழுவதும் நடுவிலேயே நிற்கும். அது நகரத் தொடங்கும்போது சீல் வெந்து முடிந்திருக்கும்.

ஷா ஆலாம் தம்பி

அண்ணே, என்னுடையது வேறு கதை. என்னுடையதும் எஃப்டிதான். டர்போவிலிருந்து புகையை இறக்கும் டவுன்பைப், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் இரண்டையும் எடுத்துவிட்டு நேர்க் குழாய் எக்ஸோஸ்ட் போட்டேன். இஞ்சினை நடத்தும் கணினியான ஈசியூவைத் தொடவில்லை. ‘அப்புறம் டியூன் பண்ணிக்கலாம்’ என்று எக்ஸோஸ்ட் போட்ட கடையில் சொன்னார்கள், நானும் சரி என்றேன்.

அசல் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், சுமார் 10 பிஎஸ்ஐ. எக்ஸோஸ்ட் இப்படித் திறந்துவிட்டால் புகையைத் திருப்பிவிடும் சின்ன வால்வான வேஸ்ட்கேட்டால் டர்போவைப் பிடித்து நிறுத்த முடியாது, பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போகும். அந்த அளவு காற்றுக்கு வேண்டிய பெட்ரோலை அசல் ஈசியூ கொடுக்காது. கலவை மெலிந்து ‘நாக்’ (knock) என்கிற கட்டுப்பாடில்லாத வெடிப்பு வரும். பிஸ்டன் இஞ்சின் அதைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். ரோட்டரியில் ரோட்டரின் மூன்று முனையிலும் இருக்கிற அபெக்ஸ் சீல் 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பட்டைதான். ஓர் அடி போதும்.

சிப்பாங் போகிற வழியில், எலைட் நெடுஞ்சாலையில், நான்காம் கியர், 6,000 ஆர்பிஎம் தாண்டியதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். கல் தெறித்தது என்றுதான் நினைத்தேன். பிறகு இழுவை இல்லை. ஓரம் கட்டினால் ஐடலில் லொடக் லொடக் என்று காடியே ஆடுகிறது.

வர்க்‌ஷாப்பில் பிளக்கைக் கழற்றிவிட்டு இஞ்சினைச் சுற்றச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டேன். நல்ல ரோட்டரில் புஸ், புஸ், புஸ் என்று மூன்றும் ஒரே அளவில் வரும். என் பின் ரோட்டரில் ஒரு புஸ், அப்புறம் வெறும் காற்று, மறுபடி ஒரு புஸ். ஒரு சீல்தான் உடைந்தது, ஆனால் ஒரு சீல் இரண்டு அறைக்கு நடுச்சுவர், இரண்டு அறையும் போய்விட்டன. அறைகளின் அழுத்தத்தை அளக்கும் ரோட்டரி டெஸ்டரில் ஓர் அறை (சதுர செ.மீ.க்கு) 7.1 கிலோ காட்டியது, மற்ற இரண்டும் 2-ஐக்கூடத் தொடவில்லை. புது இஞ்சினுக்கு 250 ஆர்பிஎம்மில் 8.5, குறைந்தது 6 இருக்க வேண்டும்.

உடைந்த துண்டு எக்ஸோஸ்ட் வழியாகத்தான் வெளியே போகும். போகிற வழியில் டர்போ இருக்கிறது. டர்பைன் இறக்கைகளை எலி கடித்தது போல் ஆக்கிவிட்டுப் போயிருந்தது.

முந்தைய வாரம் என்ன காட்டியது என்று கேட்டீர்கள். பூஸ்ட் மீட்டர் 13, 14 வரை போனது. எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. அதைத்தான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். காடி இன்னும் ஸ்டாண்டில் நிற்கிறது. பின் ஹவுசிங்கின் (ரோட்டர் சுழல்கிற கூட்டின்) குரோம் கிழிந்துவிட்டது, நல்லது கிடைக்கவில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து

என்னுடையது ஆர்எக்ஸ்-8, டர்போ கிடையாது. ஆனாலும் சொல்கிறேன். கழுவுவதற்காகப் போர்ச்சிலிருந்து வாசலுக்கு எடுத்தேன், இருபது விநாடி ஓடியிருக்கும், அணைத்தேன். மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் அறைக்குள் தேங்கி, சுவரில் இருந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிட்டது. ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதித்தபடி சுற்றினால் பெட்ரோல் நிற்கும், தேங்கியது வெளியேறும். எனக்கு மூன்றாம் முறை பிடித்தது. குளிர்ந்த ரோட்டரியை ஸ்டார்ட் செய்தால் சூடாகும்வரை அணைக்காதீர்கள்.

ஜாலான் ஈப்போ போர்மேன்

தம்பிமாரே, மூன்றையும் படித்தேன். இருபது வருடத்துக்கு மேலாக இந்த இஞ்சினைத் திறந்து மூடுகிறவன் என்பதால் சொல்கிறேன்.

நம் வீட்டு டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். ரோட்டரி இஞ்சின் அப்படித்தான்: இரும்புத் தட்டு, அலுமினிய ஹவுசிங், இரும்பு, அலுமினியம், இரும்பு என்று ஐந்து அடுக்கு, நீளமான போல்ட்டுகளால் இறுக்கியது. அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் சீல். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். அதோடு, பிஸ்டன் இஞ்சினில் ஒரே இடத்தில் குளிர்ந்த காற்றும் வரும், நெருப்பும் எரியும். இதில் காற்று வரும் பக்கம் எப்போதும் குளிர்ச்சி, பிளக் பக்கம் எப்போதும் நெருப்பு. ஒரே ஹவுசிங் ஒரு பக்கம் விரிந்து, மறுபக்கம் விரியாமல் நிற்கும். ஒரே ஒரு தடவை நன்றாகக் கொதித்துவிட்டால் போதும், சீல் தன் பிடியை விட்டுவிடும். செலாயாங் தம்பிக்கு இஞ்சின் அந்தத் தைப்பூச மாலையிலேயே போய்விட்டது. மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

ரோட்டரியே மட்டம் என்று பேசுகிறவர்களை நான் ஏற்கமாட்டேன். 1991-இல் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை மாஸ்டா 787பி வென்றது நான்கு ரோட்டர் இஞ்சினால், 362 சுற்று ஓடி. அதில் டர்போ இல்லை என்பதையும் கவனியுங்கள். ரோட்டரியின் எக்ஸோஸ்ட் இயல்பிலேயே கொதிக்கும். அதன் வாயிலில் இரண்டு டர்போவை வைத்து, கோலாலம்பூர் வெயிலில் ஜாமில் நிறுத்தினால் அந்தச் சூடு எங்கே போகும்?

எண்ணெய் விஷயம். இந்த இஞ்சின் சீலுக்காகவே இஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கும், அது கோளாறு இல்லை. வாரா வாரம் டிப்ஸ்டிக் பாருங்கள். பெட்ரோலில் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லி நல்ல 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலந்து ஓட்டுகிறவர்களின் ஹவுசிங் திறக்கும்போது வழுவழுவென்று இருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காடி வாங்கும் முன் ரோட்டரி டெஸ்டரில் கம்பிரஷன் (அறை அழுத்தம்) எடுத்துக் காகிதமாக வாங்குங்கள். சாதாரண டெஸ்டர் மூன்று அறையில் பெரிய அளவை மட்டும் காட்டும், செத்த அறையை மறைத்துவிடும்.

செலாயாங்காரர்

நன்றி அண்ணே. எனக்கும் அந்த மாலைதான் என்று சந்தேகம் இருந்தது, இப்போது உறுதியாகிவிட்டது.

இப்போது டிஜிட்டல் மீட்டர் வைத்திருக்கிறேன். நூறு டிகிரியைத் தொட்டால் ஏர்கோனை அணைப்பேன், 105 என்றால் எங்கே இருந்தாலும் ஓரம் கட்டுவேன். போன ஞாயிறு காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் 96. கெந்திங் செம்பா ஓய்விடத்தில் இரண்டு நிமிடம் ஐடலில் விட்டு, 91 ஆனதும் அணைத்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரிதான் பார்க்கிறேன், அதில் எனக்குக் குறையில்லை.

ஷா ஆலாம் தம்பி, என் இஞ்சினைக் கட்டியபோது ஹாஃப்கட் கடையிலிருந்து (பாதியாக வெட்டிய பழைய காடிகளை விற்கிற இடம்) ஓர் இஞ்சின் வாங்கி அதிலிருந்து நல்லதைப் பொறுக்கினோம். அதன் பின் ஹவுசிங் இன்னும் ஸ்டோரில் இருக்கிறது. படித்த உடனே போய் எடுத்து, எண்ணெயைத் துடைத்துவிட்டு, பிளக் ஓட்டையைச் சுற்றி நகத்தால் தடவிப் பார்த்தேன். குரோம் எங்கேயும் உரியவில்லை. சனிக்கிழமை வாருங்கள், அண்ணனிடமே கொண்டுபோய் அளந்து பார்ப்போம்.