புலம்பெயர்ந்த இஸ்பானிய மக்களின் பண்பாட்டு இசைவாக்கமும் உடலுழைப்பும்

கேள்வி (மட்டக்களப்பு): ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய இஸ்பானிய வழி மக்கள் (ஸ்பானிய மொழி வழங்கும் இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள்) புதிய சமூகத்தோடு இசைய இசைய, அவர்களின் உடலுழைப்புக் கூடுகிறதா, குறைகிறதா? ஒப்படை ஒன்றுக்காக வாசிக்கையில் இரண்டு முடிவுகளும் கண்ணில் படுகின்றன. தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில் (கல்முனை): தம்பி, எதை அளக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். 1988 முதல் 1994 வரை நடந்த அமெரிக்கத் தேசிய சுகாதார, போசாக்குக் கணிப்பில், வீட்டில் ஸ்பானிய மொழியையே பேசிய மெக்சிக்கோ வழியினரிடம் ஓய்வுநேர உடற்பயிற்சி குறைவாகக் காணப்பட்டது. ஆனால் புதிதாக வந்தவர்களில் பலர் பண்ணையிலும் கட்டட வேலையிலும் துப்புரவுப் பணியிலும் நாள் முழுவதும் உடலை வருத்துவதோடு, வேலைத்தலத்துக்கு நடந்தும் செல்வதால், ஓய்வுநேரத்தை மட்டும் கேட்கும் வினாக்கொத்தில் அந்த உழைப்பு பதிவாவதே இல்லை. வாகரையில் வயல்வேலை செய்பவரிடம் உடற்பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டால், அவரும் இல்லையென்றுதான் சொல்வார்.

பதில் (அக்கரைப்பற்று): கல்முனை அண்ணன் சொன்னது சரி. இசைவாக்கத்தைப் பெரும்பாலும் பேசும் மொழியையும் வாழ்ந்த ஆண்டுகளையும் கொண்டே அளக்கிறார்கள். ஆங்கிலத் தேர்ச்சியோடு கல்வியும் வருமானமும் சேர்ந்தே உயர்வதால், எல்லாவற்றையும் பண்பாட்டின் கணக்கில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் மக்களோ பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமக்கள். அவர்களை மெக்சிக்கோவிலிருந்து வந்தவர்களோடு ஒன்றாக எண்ணுவதும் குழப்பத்தைக் கூட்டும்.

கேள்வி கேட்டவர்: இருவருக்கும் மிக்க நன்றி. பெண்களின் வீட்டுவேலையும் குழந்தை பராமரிப்பும் எங்கே சேரும்?

பதில் (கல்முனை): உலக சுகாதார நிறுவனத்தின் வினாக்கொத்து வேலை, பயணம், ஓய்வுநேரம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்கிறது, வீட்டுவேலை அதில் வேலையாகவே கொள்ளப்படுகிறது. ஒப்படையில் அந்தப் பிரிவுகளையே பயன்படுத்துங்கள்.