போலியா, படியா? பழைய போர்விமான உறுப்புகளுக்கான கலைச்சொற்கள்

அன்புள்ள குழுவினர்க்கு,

வணக்கம். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் போர்விமானங்களின் உறுப்புகளைத் தேடிச் சேர்ப்போர் ‘ரிப்ரொடக்‌ஷன்’ என்று ஒரு சொல்லைப் புழங்குகிறார்கள். பழைய உறுப்பின் அளவையும் வடிவையும் அப்படியே பின்பற்றி இன்று புதிதாகச் செய்யப்படும் உறுப்பையே அச்சொல் குறிக்கிறது. நம் கலைச்சொல் குழுவில் தூத்துக்குடி அண்ணாச்சி சென்ற வாரம் தொடங்கிவைத்த உரையாடல் இழையில், இதைத் தமிழில் ‘போலி உறுப்பு’ என்று எழுதலாம் என இருவர் முன்மொழிந்திருந்தார்கள். அந்தச் சொல்லை நம் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. முப்பது ஆண்டுகள் ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவுப் பயிற்றுநராக இருந்தவன் என்ற முறையிலும், இத்தகைய உறுப்புகள் சிலவற்றை வீட்டு அலமாரியில் வைத்திருப்பவன் என்ற முறையிலும் காரணங்களை எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பிரித்தானியப் போர்விமானமான ஸ்பிட்ஃபயரில் விமானி பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலின் தலையில் வட்டவடிவமான ஒரு கைப்பிடி இருக்கும். துப்பாக்கிகளை இயக்கும் பொத்தானும், சக்கரங்களின் பிரேக்கை இயக்கும் நெம்பும் அதிலேயே அமைந்திருக்கும். உலகெங்கும் சேகரிப்போர் மிக விரும்பித் தேடும் உறுப்புகளில் அதுவும் ஒன்று. ஸ்பிட்ஃபயர் 20,000-க்கும் மேல் கட்டப்பட்ட விமானம் என்றாலும், போரில் விழுந்தவை போக, எஞ்சியவற்றில் பெரும்பகுதி போருக்குப் பின் உடைத்து உருக்கப்பட்டதால், அசல் கைப்பிடிகள் அரிதாகிவிட்டன. ஆகவே இன்று சிலர் அதே அளவில் வார்த்தும் கடைந்தும் புதிதாகச் செய்து, புதிதாகச் செய்தது என்று சொல்லியே விற்கிறார்கள். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. அதைச் செய்தவர் உட்புறத்தில் தம் குறியையும் ஆண்டையும் பொறித்திருக்கிறார். அவர் செய்த வேலையைப் போலி என்று எழுத என் கை வராது.

என்னிடம் உள்ள உயரமானியின் (விமானம் பறக்கும் உயரத்தைக் காட்டும் கருவியின்) கதை வேறு. அது போர்க்காலத்து அசல் என்று உறுதிகூறி ஒருவர் எனக்கு விற்றது. முகப்பில் பழைய நிறமும், பின்புறத்தில் மகுடமும், பிரித்தானிய விமான அமைச்சகத்தைக் குறிக்கும் ‘ஏ.எம்.’ எழுத்துகளும் இருந்தன. ஆறு மாதம் மகிழ்ச்சியாக வைத்திருந்தபின், தூசி தட்டுவதற்காகப் பின்மூடியைக் கழற்றியபோதுதான் திருகுகளைக் கவனித்தேன். அக்காலத்துப் பிரித்தானியக் கருவிகளில் ‘பி.ஏ.’ (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்ற பழைய தரத்துத் திருகுகளே வரும். அவற்றின் மரைக்கோணம், அதாவது திருகில் வெட்டிய புரியின் கோணம், 47.5 பாகை. இதில் இருந்தவையோ 60 பாகைக் கோணமுள்ள இன்றைய மெட்ரிக் மரைகள். திருகை மட்டும் பின்னாளில் யாராவது மாற்றியிருக்கலாம் என்று எண்ணி, உடலில் போட்டிருந்த துளைகளையும் மரைமானியால் சோதித்தேன். அவையும் மெட்ரிக்காகவே இருந்தன. அதன்பின் மகுட முத்திரையை உருப்பெருக்கியில் பார்த்தபோது, அது பழுப்பேற்றிய பூச்சுக்கு மேல் அடிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. அந்த முத்திரை வாங்குபவனை ஏமாற்றுவதற்காகவே அடிக்கப்பட்டது.

இவ்விரண்டையும் ‘போலி உறுப்பு’ என்ற ஒரே சொல்லில் அடைத்தால், குறியிட்டு விற்ற நேர்மையான வினைஞர் பழியேற்கிறார். முத்திரை அடித்து விற்றவரோ, எல்லாரும் செய்வதைத்தானே நானும் செய்தேன் என்று அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறார். என் வருத்தமெல்லாம் இதுதான்.

‘போலி’ என்ற சொல்லின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. இலக்கணத்தில் அது எவ்வளவு மதிப்புடைய சொல் என்பதை நாம் அறிவோம். அறம் என்பது அறன் என்றும், பந்தல் என்பது பந்தர் என்றும் வரும்போது, ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து அமர்ந்தும் பொருள் கெடுவதில்லை. அதைப் போலி என்றே இலக்கண நூலார் வழங்கினார்கள். இல்முன் என்பது முன்றில் ஆனதை இலக்கணப்போலி என்று ஏற்றுக்கொண்டார்கள். ஒன்றின் இடத்தில் நின்று அதன் பணியைக் குறைவின்றிச் செய்வது என்ற அந்தப் பொருளைப் பார்த்தால், நாம் தேடும் கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் போலி மருத்துவர், போலிச் சான்றிதழ், போலிப் பத்திரம் என்று நாளிதழில் தினமும் படிக்கும் ஒருவரிடம் போய், இங்கே மட்டும் இலக்கணப் பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நாம் கேட்க முடியாது.

நம் ஊர்ப் பழக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நெல்லையப்பர் கோயில் தேரில் பழுதான சட்டத்தைக் கழற்றிவிட்டு அதே அளவில் புது மரம் பூட்டினால், யாரும் அதைப் போலித் தேர் என்று சொல்வதில்லை. ஆனித் திருவிழாவில் வடம் பிடிப்பவர்களுக்கு அது அதே தேர்தான். பறக்கும் நிலையில் உள்ள பழைய விமானங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஸ்பிட்ஃபயரின் இறக்கையைத் தாங்கும் முதன்மை உத்திரம், ஒன்றுக்குள் ஒன்று செருகிய சதுரக் குழாய்களால் ஆனது. எண்பது ஆண்டு கடந்த உலோகத்தை நம்பி ஒருவரை வானத்திற்கு அனுப்ப இயலாது என்பதால், அதைப் புதிதாகவே செய்கிறார்கள். மக்னீசியக் கலப்பு வார்ப்புகளோ கடல்நீர் பட்டால் அரித்தே போய்விடும். இங்கெல்லாம் புதிய உறுப்புதான் விமானியின் உயிரைக் காக்கிறது. கருவி முகப்புகளுக்கும் இது பொருந்தும். இருளில் ஒளிர்வதற்காக எண்களின்மேல் பூசிய ரேடியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 1600 ஆண்டுகள். அதனோடு கலந்த துத்தநாகச் சல்ஃபைடு சிதைந்து ஒளி நின்றுபோனாலும், கதிர்வீச்சு நிற்பதில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் சாதாரண வண்ணம் பூசிய புது முகப்பை வைப்பதே நல்லது என்று நான் பலரிடம் சொல்லிவருகிறேன்.

எனவே என் முன்மொழிவு ‘படியுறுப்பு’ என்பது. ஏட்டுச்சுவடியைப் பார்த்து எழுதியதைப் படி என்றோம். கல்வெட்டின்மேல் தாளை ஒற்றி எடுப்பதை மைப்படி என்கிறோம். உ.வே.சாமிநாதையர் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் ஏடு தேடி வந்தபோது அவருக்குக் கிடைத்தவையும் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துக் காக்கப்பட்டவையே. படி என்ற சொல்லில் பழி இல்லை, பொறுப்பு இருக்கிறது. ‘படிப்பாகம்’ என்று எழுதினால் படிப்பு, ஆகம் என்று பிரிந்து குழப்பும் என்பதால் ‘உறுப்பு’ என்பதைத் தேர்ந்தேன். போர்க்காலத்தில் செய்யப்பட்டது ‘மூலவுறுப்பு’; புதிதாகச் செய்து அப்படியே சொல்லப்படுவது ‘படியுறுப்பு’; ஏமாற்றுவதற்காகச் செய்யப்பட்டது ‘கள்ளவுறுப்பு’. கள்ளநோட்டு என்பது ஊரறிந்த சொல் என்பதால் இதற்கு விளக்கம் தேவைப்படாது. போர்க்காலத்திலேயே செய்யப்பட்டு, எந்த விமானத்திலும் பொருத்தப்படாமல் கிடங்கில் பெட்டியோடு இருந்துவிட்டதைப் ‘பூட்டாவுறுப்பு’ எனலாம்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து

*

மதிப்பிற்குரிய பாளையங்கோட்டை அண்ணாச்சிக்கு,

வணக்கம். போலி என்ற சொல்லை விலக்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுதும் உடன்படுகிறேன். ஆயினும் எனக்கு இரண்டு தடைகள் உள்ளன.

முதலாவது, ‘மூலவுறுப்பு’ என்பது முதலில் வடிவமைத்தவர் செய்ததை மட்டும் குறிப்பதாகத் தோன்றுகிறது. ஸ்பிட்ஃபயரை இயக்கிய ரோல்ஸ்ராய்ஸின் மெர்லின் இயந்திரத்தை அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் உரிமம் பெற்றுப் போர்க்காலத்திலேயே 55,000-க்கும் மேல் செய்தது. அவையும் அந்தப் போரில் பறந்தவையே. அவற்றை மூலம் அல்ல என்று தள்ள முடியுமா? இரண்டாவது, பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுதப்படிக்கத் தெரியாதவர்கூட அசல், நகல் என்று தெளிவாகப் பேசுகிறார். நகல் என்றால் யாரும் ஏமாற்று என்று நினைப்பதில்லை; சான்றிட்ட நகலுக்கு நீதிமன்றத்திலும் மதிப்புண்டு. மக்கள் வாயில் இருக்கும் இந்த இணையை விட்டுவிட்டுப் புதுச்சொல் புனைவது எதற்கு? எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ‘கம்பெனி சாமான்’, ‘டூப்ளிகேட்’ என்பவைதாம் வழக்கு. அவற்றின் இடத்தைப் பிடிக்க வேண்டுமானால் நாவில் எளிதில் அமரும் சொல் வேண்டும்.

கோவில்பட்டியிலிருந்து, தங்கள் தம்பி

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடையை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். மூலம் என்ற சொல் பொருளின் பிறப்பிடத்தைக் குறிக்கிறது. நமக்கு வேண்டியதோ காலமும் உரிமையும். பேக்கார்டு மெர்லின் எந்த ஐயமும் இன்றி அசலே. ஆகவே மூலவுறுப்பைக் கைவிட்டு ‘அசல் உறுப்பு’ என்றே எழுதுவோம். அரபு வழி வந்த சொல் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் தாமிரபரணிக் கரையில் நிலம் வாங்கிய ஒவ்வொருவரும் சொன்ன சொல்லை அயற்சொல் என்று தள்ள எனக்கு மனமில்லை.

நகல் என்பதில்தான் என்னால் உடன்பட முடியவில்லை. பத்திர நகல் என்பது எழுத்தின் நகல். தாள் வேறாக இருந்தாலும் வாசகம் ஒன்றாக இருந்தால் போதும். உறுப்பில் உலோகமும் பேச வேண்டும். பிளாஸ்டிக்கில் அச்சிட்டு வண்ணம் பூசிய கைப்பிடியும் பார்வைக்கு நகல்தான். அதே கலப்பு உலோகத்தில், அதே வரைபடத்தின்படி, சோதனைக்கு உட்படுத்திச் செய்ததும் நகல்தான் என்றால், விமானத்தில் பூட்டுபவர் எதை நம்புவார்? இருந்தாலும் நீ சுட்டிய ‘சான்றிட்ட’ என்ற அடைமொழி எனக்குப் பெரிய உதவி செய்திருக்கிறது. பறப்பதற்கு உரிய சோதனைகளும் ஆவணங்களும் உள்ளது ‘சான்றிட்ட படியுறுப்பு’. அலமாரிக்கும் அருங்காட்சியகத்துக்கும் மட்டும் ஆனது ‘காட்சிப் படியுறுப்பு’. பதிவு அலுவலகத்தின் சொல்லாட்சி பட்டறைக்குள்ளும் வந்துவிடுகிறது. இது உன் கொடை.

முழு விமானத்தையே புதிதாகக் கட்டினால் என்ன சொல்வது என்று தூத்துக்குடி அண்ணாச்சி தனியே கேட்டிருந்தார். போர்க்காலத்து ஜெர்மானிய ஜெட் போர்விமானமான மெஸ்ஸெர்ஷ்மிட் 262 வகையில் ஐந்து, அண்மைக் காலத்தில் புதிதாகக் கட்டப்பட்டு, பழைய தொழிற்சாலை எண்வரிசை நின்ற இடத்திலிருந்து தொடர் எண்களும் பெற்றன. பழைய இயந்திரத்தின் கூட்டுக்குள் இன்றைய அமெரிக்க இயந்திரம் இருக்கிறது. அதைப் ‘படிவிமானம்’ என்று அழைக்கலாம் என்றாலும், தொடர் எண் பெற்றதைத் தனியாகச் சுட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். இதற்குத் தனி இழை தொடங்குவதே முறை.

இவை நமக்குத் தொலைதூரப் பொருள்கள் அல்ல என்பதையும் நினைவூட்டுகிறேன். பிரித்தானிய வான்படையின் 79, 234, 264 ஆகிய படைப்பிரிவுகள், இங்கே திரட்டி அனுப்பிய நன்கொடையின் பொருட்டு ‘மதராஸ் மாகாணம்’ என்ற பெயரைத் தாங்கியவை. அக்காலத்து நன்கொடைத் திட்டங்களில் ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுன் என்று கணக்கிட்டார்கள். கயத்தாற்றில் போர்க்கால ஓடுபாதை இன்னும் கிடக்கிறது. அந்தக் காலத்து உறுப்பு ஏதாவது நம் பக்கத்துக் காயலான் கடையில் என்றாவது எடைக்கு வந்தால், அதை எடுத்துப் பார்ப்பவர் கையில் சரியான சொல் இருக்க வேண்டும்.

பட்டியலில் சேர்ப்பதற்காக அசல் உறுப்பு, பூட்டாவுறுப்பு, சான்றிட்ட படியுறுப்பு, காட்சிப் படியுறுப்பு, கள்ளவுறுப்பு ஆகிய ஐந்தையும் தொகுப்பாளருக்கு இன்றே அனுப்புகிறேன். பூட்டாவுறுப்பு என்பதற்கு எளிமையான சொல் யாருக்காவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். என் அலமாரியில் கைப்பிடிக்கும் உயரமானிக்கும் புதுச் சீட்டு எழுதி ஒட்டிவிட்டேன். கைப்பிடியின் சீட்டில் ‘காட்சிப் படியுறுப்பு’ என்ற சொல்லும், செய்தவரின் குறியும், ஆண்டும் உள்ளன. உயரமானியின் சீட்டில் ‘கள்ளவுறுப்பு, மெட்ரிக் மரை, முத்திரை பூச்சுக்கு மேல்’ என்று எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து