கிளவுட் சேம்பரில் மேகம் வருகிறது, மியூவான் கோடு வரவில்லை. எங்கே தவறு?

தேன்கூடு:

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கான கிளவுட் சேம்பர் இது, அதாவது மின்னூட்டத் துகள் போன தடத்தை ஆல்கஹால் நுண்துளிக் கோடாகக் காட்டும் பெட்டி. நான் தேடுவது மியூவான்: விண்வெளிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதிப் பிறக்கும், எலக்ட்ரானைப் போன்ற ஆனால் கனமான துகள். 30 × 20 செ.மீ. அடிப்பரப்பு, 20 செ.மீ. உயரம் உள்ள கண்ணாடி மீன்தொட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறது. உள்ளே உச்சியில் ஃபெல்ட் துணி ஒட்டி, மருந்துக்கடையில் கிடைத்த 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றியிருக்கிறது. கீழே கருப்பு டேப் ஒட்டிய 2 மி.மீ. அலுமினியத் தகடு. அதற்கு அடியில் தெர்மாகோல் தட்டில் 2 கிலோ டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) கட்டிகள். அறையில் ஏ.சி. ஓடுகிறது, மேலே டியூப்லைட்.

20 நிமிடத்தில் புகை மாதிரி மேகம் சுழல்கிறது. தகட்டில் வெள்ளையாக உறைபனி படிகிறது. கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை.

இன்னொரு குழப்பம். கடல்மட்டத்தில் ஒரு சதுர செ.மீ. வழியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் போகும் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. அப்படியென்றால் 600 சதுர செ.மீ. தட்டில் நொடிக்குப் பத்து கோடு விழ வேண்டுமே? காணொளிகள் எதிலும் அவ்வளவு இல்லை. கணக்கு எங்கே இடிக்கிறது?

பனித்தகடு:

முதல் தவறு ஆல்கஹால். 70 சதவீதம் என்றால் மீதி 30 தண்ணீர். தகட்டில் படிகிற அந்த வெள்ளை உறைபனி அதுதான். கோடு தெரிய வேண்டிய கருப்புப் பின்னணியையும் அது மறைத்துவிடும். 99 சதவீதம் அல்லது அதற்கு மேல் வேண்டும். மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் போர்டு கழுவ ஐ.பி.ஏ. என்று கேட்டால் கிடைக்கும், லேபிளில் சதவீதம் பார்த்து வாங்குங்கள். கைகழுவும் சானிட்டைசர் வேண்டவே வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும்.

இரண்டாவது, டிரை ஐஸைக் கட்டியாக வைத்தது. கட்டிகளின் மேல் தகடு நாலைந்து முனைகளில்தான் தொடும், மீதி இடமெல்லாம் காற்று. டிரை ஐஸ் −78.5 டிகிரியில் இருந்தாலும் தகட்டின் மேற்பரப்பு அந்தக் குளிரை எட்டாது. தகடு −25 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் வேலை நடக்கும். கட்டிகளைத் தடித்த துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி, சர்க்கரைப் பருமனுக்குப் பொடித்துக்கொள்ளுங்கள். அதைச் சமமாகப் பரப்பி, தகட்டை வைத்து அழுத்துங்கள். வைத்ததும் தகடு கீச்சென்று கத்தும். டிரை ஐஸிலிருந்து கிளம்பும் வாயு தகட்டைத் தூக்கித் தூக்கிப் போடுவதால் வரும் சத்தம் அது. நன்றாகத் தொடுகிறது என்பதற்கு அடையாளமும் அதுதான், தகடு குளிர்ந்ததும் அடங்கிவிடும்.

மூன்றாவது ஏ.சி. உச்சியில் ஆல்கஹால் ஆவியாக வேண்டும், அடியில் அது மிகைத்தெவிட்டல் நிலைக்கு, அதாவது காற்று தாங்கும் அளவுக்கு மேல் ஆவி சேர்ந்த நிலைக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வெப்பநிலைச் சரிவுதான் கருவியே. ஃபெல்ட் குளிர்ந்துபோனால் ஆவி போதாது. ஏ.சி.யை நிறுத்துங்கள். தொட்டியின் உச்சியில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பை ஒன்றை வையுங்கள், இரண்டு நிமிடத்தில் வித்தியாசம் தெரியும். அடுப்பில் வைத்த பாத்திரத்துக்கு இது நேர் எதிர்: சூடு மேலே, குளிர் கீழே.

மேகம் சுழல்வது காற்று நுழைகிறது என்பதற்கு அறிகுறி. தொட்டி விளிம்பும் தகடும் சேருமிடத்தைச் சுற்றிலும் சிறுவர் விளையாடும் மாடலிங் களிமண்ணை வைத்து அழுத்துங்கள். சரியாக அடைத்தால் சுழற்சி நின்று, அடியில் மெல்லிய தூறல் மட்டும் இறங்கும். அந்தத் தூறல் வந்துவிட்டால் கோடுகள் வரும் நேரம் நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். எல்.இ.டி. டார்ச் ஒன்றைத் தகட்டின் மட்டத்திலேயே பக்கவாட்டில் வைத்து, அடியில் உள்ள 2 செ.மீ. மட்டும் வெளிச்சமாகும்படி செய்யுங்கள். டார்ச்சுக்குப் பின்னால் நின்று பார்க்காமல், எதிர்ப்பக்கம் சற்று விலகி நின்று பாருங்கள். நுண்துளிகள் ஒளியை முன்னோக்கித்தான் அதிகம் சிதறடிக்கும். பேருந்துக் கண்ணாடியில் உள்ள தூசி எதிர்வெயிலில் பளிச்சிடுவது போலத்தான்.

ஃபெல்ட்டுக்கு 40 மி.லி. போதும், சொட்டக் கூடாது. பசை போட்டு ஒட்டியிருந்தால் பிய்த்துவிடுங்கள், ஆல்கஹாலில் பசை கரைந்து துணி கழன்று விழும். கண்ணாடிக்கு வெளியே ஒரு காந்தம், உள்ளே துணியின் மேல் ஒரு காந்தம் என்று நான்கு மூலையிலும் பிடித்து நிறுத்துங்கள்.

குழந்தைகள் சுற்றி நிற்கும் இடம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டிரை ஐஸை வெறும் கையால் தொடக் கூடாது. மூடி இறுக்கிய பாட்டிலிலோ டப்பாவிலோ வைக்கக் கூடாது, வெடிக்கும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஆல்கஹால் ஆவி எளிதில் பற்றும், அதனால் அருகில் விளக்கோ தீக்குச்சியோ ஆகாது.

சாய்கோணம்:

கணக்குச் சந்தேகத்துக்கு வருகிறேன். நீங்கள் போட்ட பெருக்கல் சரிதான். உங்கள் தட்டு வழியாக நொடிக்குப் பத்து மியூவான் போய்க்கொண்டுதான் இருக்கிறது, இப்போதும்.

ஆனால் 20 செ.மீ. உயரத் தொட்டியில் கோடு உருவாகக்கூடிய அடுக்கு தகட்டை ஒட்டிய ஏறத்தாழ 1 செ.மீ. மட்டுமே. மியூவான்கள் பெரும்பாலும் மேலிருந்து நேராக வருகின்றன. அப்படி வருவது அந்த அடுக்கில் 1 செ.மீ. நீளத்துக்குத்தான் தடம் விடும். நீங்கள் மேலிருந்து குனிந்து பார்த்தால் அது கோடாகவே தெரியாது, ஒரு புள்ளி. தூறலுக்கு நடுவில் புள்ளியை யார் கவனிப்பார்கள்?

நீளமாகத் தெரிய வேண்டுமானால் துகள் படுத்தவாக்கில் வர வேண்டும். செங்குத்திலிருந்து விலகும் கோணத்தின் கோசைன் வர்க்கத்தை ஒட்டி மியூவான் வரத்து குறைகிறது. 75 டிகிரி சாய்வில் கோசைன் வர்க்கம் 0.067, அதாவது நேராக வருவதில் பதினைந்தில் ஒரு பங்குதான். காணொளிகளில் நீளக் கோடுகள் அரிதாக இருப்பது இதனால்தான். பக்கவாட்டில், கண்ணைத் தகட்டின் மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். குட்டையான நிமிர்ந்த கீற்றுகள் நிறையத் தெரியும்.

இதோடு ஒரு வேண்டுகோள். கண்காட்சியில் தெரிகிற ஒவ்வொரு நேர்கோட்டையும் மியூவான் என்று சொல்லிவிடாதீர்கள். சுவரிலும் தரையிலும் உள்ள பொட்டாசியம், தோரியம், யுரேனியம் வரிசையிலிருந்து வரும் காமா கதிர்கள் பெட்டிக்குள் எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகின்றன. அவற்றில் வேகமானவையும் நேராகவே ஓடும். மெதுவானவை நெளிந்து சுருண்டு போகும், அவற்றை எலக்ட்ரான் என்று தைரியமாகச் சொல்லலாம். மெல்லிய நேர்கோட்டுக்கு மட்டும் "மியூவானாக இருக்கலாம்" என்று சொல்வதுதான் நேர்மை.

தேன்கூடு:

99 சதவீத ஆல்கஹால், பொடித்த டிரை ஐஸ், பக்கவாட்டு டார்ச், தலைக்கு மேல் வெந்நீர்ப் பை. 12 நிமிடத்தில் கோடுகள் தெரிகின்றன! இருவருக்கும் மிக்க நன்றி.

மூன்று கேள்விகள். ஒன்று, 3, 4 செ.மீ. நீளத்தில் தடித்த வால் மாதிரி ஒன்று அவ்வப்போது வருகிறது. ஒரு முறை அதுவே கவட்டை போல இரண்டாகப் பிரிந்து வந்தது. அது என்ன? இரண்டு, அடியில் நியோடிமியம் காந்தம் வைத்தால் மியூவான் வளையுமா? மூன்று, மியூவான் தரைக்கு வந்து சேர்வதே ஐன்ஸ்டைனின் சார்பியலுக்கு, அதாவது வேகமாக ஓடுவதன் காலம் மெதுவாகும் என்பதற்குச் சான்று என்கிறார்கள். அதை மாணவர்களுக்கு எண்ணிக் காட்ட முடியுமா?

சாய்கோணம்:

தடித்த வால் ஆல்ஃபா துகள் (இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த கட்டு). தரையிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு பெட்டிக் காற்றில் கலந்திருக்கிறது. ரேடான்-222 விடும் ஆல்ஃபாவின் ஆற்றல் 5.49 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், காற்றில் 4 செ.மீ. அளவில் ஓடி நின்றுவிடும். துகள் போகும் வழியில் எலக்ட்ரான்களைப் பிய்த்து அயனிகளை உண்டாக்கும், துளி உருவாவது அவற்றின் மேல்தான். மியூவான் ஒரு செ.மீ.க்கு நூறு அயனி ஜோடி அளவில்தான் விட்டுப்போகும். ஆல்ஃபா அதே ஒரு செ.மீ.யில் ஏறத்தாழ நாற்பதாயிரம். தடிமன் வேறுபாடு அதிலிருந்து வருகிறது.

கவட்டை கிடைத்தது நல்ல யோகம். அது பெரும்பாலும் தோரான், அதாவது ரேடான்-220. அது ஓர் ஆல்ஃபாவை விட்டு பொலோனியம்-216 ஆகிறது. அந்தப் பொலோனியத்தின் அரை ஆயுள் 0.145 நொடிதான். முதல் தடம் கலைவதற்குள் அதே இடத்திலிருந்து இரண்டாவது ஆல்ஃபா வேறு திசையில் கிளம்பிவிடும். ஒரு தனிமம் இன்னொன்றாகி, அது மூன்றாவதாக மாறுவதைக் கண் இமைக்கும் நேரத்தில் வெறுங்கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். கண்காட்சிக்கு வருபவர்களிடம் முதலில் இதைக் காட்டுங்கள்.

இன்னும் அதிகம் வேண்டுமானால், சிவப்பு முனை கொண்ட டிக் வெல்டிங் கம்பியில் 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு இருக்கும், ஒரு துண்டை உள்ளே வைக்கலாம். அதைச் சாணை பிடிக்கவோ உடைக்கவோ கூடாது, தூள் மூச்சில் போகக் கூடாது. அதற்குப் பதில் பலூனை ஊதித் தலைமுடியில் தேய்த்து, தரைத்தளத்தில் காற்றோட்டமில்லாத அறையில் அரைமணி நேரம் தொங்கவிடுங்கள். ரேடானின் வாரிசுகள், அதாவது அது சிதைந்து உண்டாகும் தனிமங்கள், நிலைமின்னால் ஒட்டிக்கொள்ளும். காற்றை இறக்கிப் பெட்டிக்குள் போடுங்கள். ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டின் அரை ஆயுளும் 27, 20 நிமிடங்கள்தான் என்பதால் தாமதிக்கக் கூடாது.

காந்தம்: மியூவான் வளையாது. 0.3 டெஸ்லா காந்தத்தில் 4 பில்லியன் எலக்ட்ரான் வோல்ட் மியூவானின் வளைவு ஆரம் 40 மீட்டருக்கு மேல். உங்கள் 30 செ.மீ. தொட்டியில் அது நேர்கோடுதான். மெதுவான எலக்ட்ரான்கள் 1, 2 செ.மீ. ஆரத்தில் வளையும், ஆனால் அவை காற்றில் மோதியும் நெளிவதால் எது காந்தத்தின் வேலை என்று பிரிப்பது கடினம்.

இயற்பியலாளர் கார்ல் ஆண்டர்சன் 1932 ஆகஸ்ட் 2 அன்று பாசிட்ரானை (எலக்ட்ரானின் நேர்மின் எதிர்த்துகளை) கிளவுட் சேம்பரில் படம் பிடித்தபோது அவரிடம் 1.5 டெஸ்லா மின்காந்தம் இருந்தது. பெட்டியின் குறுக்கே 6 மி.மீ. ஈயத் தகடும் வைத்திருந்தார். அந்தத் தகட்டில்தான் சூட்சுமம். கோடு வளைந்திருந்தால் மட்டும் போதாது: மேலிருந்து வந்த நேர்மின் துகளும் கீழிருந்து போன எதிர்மின் துகளும் ஒரே மாதிரிதான் வளையும். ஈயத்தில் புகுந்த துகள் ஆற்றலை இழந்து அதிகம் வளையும். படத்தில் தகட்டுக்குக் கீழே வளைவு குறைவு, மேலே அதிகம். ஆக, துகள் கீழிருந்து மேலே போயிருக்கிறது. அந்தத் திசையில் அப்படி வளைய வேண்டுமானால் அதன் மின்னூட்டம் நேர்மின்னாகத்தான் இருக்க வேண்டும். எதிர்ப்பொருள் முதன்முதலில் பிடிபட்டது இந்த ஒரே ஒரு கோட்டில்.

இரட்டைக்குழல்:

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: கிளவுட் சேம்பரை விட்டுவிடுங்கள், கதிர்வீச்சுத் துகள்களை எண்ணும் கைகர் குழாய் இரண்டு வாங்குங்கள்.

முதலில் எண்கள். மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்கும். ஆனால் அவை பிறப்பது 15 கி.மீ. அளவு உயரத்தில். இயற்பியலாளர்கள் ஃபிரிஷும் ஸ்மித்தும் 1963இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில், மணிக்கு 563 மியூவான் எண்ணினார்கள். பிறகு கடல்மட்டத்துக்கு இறங்கி எண்ணினார்கள். இடையில் உள்ள காற்று தடுப்பதற்கு ஈடாகக் கருவியின் மேல் அடுக்கிய இரும்பில் கொஞ்சத்தை எடுத்துவிட்டார்கள், இல்லாவிட்டால் மேலேயும் கீழேயும் வெவ்வேறு வேகத் துகள்களை ஒப்பிட்டதாகிவிடும். கடிகாரம் எல்லோருக்கும் ஒன்றாக ஓடுவதாக இருந்தால் 30 அளவில்தான் மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சியது 412. அந்த மியூவான்களின் காலம் நமக்கு ஏறத்தாழ 9 மடங்கு மெதுவாக ஓடியிருக்கிறது.

பள்ளியில் இதை அப்படியே செய்ய முடியாது. இரும்பு இல்லாமல் மலையில் ஒரு எண்ணிக்கை, கீழே ஒரு எண்ணிக்கை என்று எடுத்து "சார்பியல் நிரூபணம்" என்று போடுவது தவறு. காற்று தடுத்ததால் குறைந்ததா, சிதைந்ததால் குறைந்ததா என்று அதில் தெரியாது. ஆனால் வருவது மேலிருந்துதான், வெறும் காமா இல்லை என்பதைக் காட்டலாம்.

எஸ்.பி.எம்-20 வகைக் குழாய் இரண்டை ஒன்றுக்கு மேல் ஒன்றாக 5 செ.மீ. இடைவெளியில் இணையாகப் பொருத்துங்கள். தனித்தனியே ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 20 அளவில் எண்ணும், அதில் பெரும்பகுதி சுவர்க் கதிர்வீச்சு. இரண்டும் ஒரே சமயத்தில் துடித்தால் மட்டும் எண்ணும்படி ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகைக்கு நிரல் எழுதுங்கள். நேர இடைவெளியை 1 மில்லி நொடி என்று வைத்தால் தற்செயலாக ஒன்றிப்போவது மணிக்கு ஒன்றுகூட வராது, மெய்யான மியூவான் நிமிடத்துக்கு ஒன்று அளவில் வரும். குழாய்களுக்கு நடுவில் சில மி.மீ. இரும்புத் தகடு வைத்தால் சில்லறை எலக்ட்ரான்களும் வடிகட்டப்படும். ஒரு மணி நேரம் எண்ணுங்கள். பிறகு முழு அமைப்பையும் 90 டிகிரி சாய்த்து, குழாய்கள் பக்கம்பக்கமாக இருக்கும்படி வைத்து இன்னொரு மணி நேரம். தனி எண்ணிக்கை இரண்டும் மாறாது. ஒன்றிய எண்ணிக்கை மட்டும் சரசரவென்று விழும்.

இதே உத்தியைத்தான் ஜெர்மன் இயற்பியலாளர்கள் போத்தேயும் கோல்ஹோர்ஸ்டரும் 1929இல் பயன்படுத்தினார்கள். இரண்டு குழாய்களுக்கு நடுவில் 4.1 செ.மீ. தடித்த தங்கக் கட்டியை வைத்தார்கள். நாலில் மூன்று பங்கு துகள்கள் அதையும் துளைத்துக்கொண்டு போயின.

ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கியும் அடிப்படையில் அடுக்கடுக்காக வைத்த குழாய்கள்தான், பரப்பு மட்டும் 560 சதுர மீட்டர். 2014 டிசம்பர் 1 அன்று இடிமேகம் ஒன்று அதன் மேல் கடந்தபோது மியூவான் வரத்து சற்றுக் குறைந்தது. அந்தக் குறைவிலிருந்து மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாகக் கணக்கிட்டு 2019இல் வெளியிட்டார்கள்.

பனித்தகடு:

கண்காட்சி நாள் முழுக்க ஓட வேண்டும் என்றால் டிரை ஐஸ் 5 கிலோவாவது கையில் இருக்கட்டும், தெர்மாகோல் பெட்டியில் மூடி இறுக்காமல். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தகட்டை எடுத்து அடியில் பொடியைச் சமப்படுத்துங்கள். அது கரையக் கரைய நடுவில் பள்ளம் விழும், அந்த இடத்தில் கோடு முதலில் மறையும். ஃபெல்ட்டையும் அப்போதே நனைத்துவிடலாம்.

கோடுகள் திடீரென்று மங்கி, பழைய தூறலே மூட்டமாக நின்றால், பி.வி.சி. குழாயைத் துணியில் தேய்த்துத் தொட்டியின் மேல் ஒருமுறை ஓட்டுங்கள். தேங்கிய அயனிகள் இழுக்கப்பட்டுப் பெட்டி சுத்தமாகும், அடுத்த சில நொடிகளில் புதுக் கோடுகள் கூர்மையாக விழும்.

மீன்தொட்டிக்குப் பதில் அக்ரிலிக் பெட்டி வாங்கலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆல்கஹால் பட்டு நுண்ணிய வெடிப்பு ஓடி, கடைசியில் எல்லாப் பக்கமும் கோடாகத் தெரியும்.