எக்ஸிஸ்ட்-டிபி: ஊர்வாரிக் கோவில் பட்டியல் மட்டும் காலியாக வருகிறது, உதவி தேவை

ரோஸ்ஹில்_முருகு:
வணக்கம். மொரிசியஸில் எங்கள் கோவில் சங்கத்துக்கு எக்ஸிஸ்ட்-டிபி என்ற எக்ஸ்எம்எல் தரவுத்தளத்தில் ஒரு தளம் செய்கிறேன். தலைப்பு, மெனு, அடிப்பகுதி என்று தனித்தனித் துண்டாக எழுதி டெம்ப்ளேட்டில் சேர்க்கிறேன். எல்லாத் துண்டும் வருகிறது, ஊர்வாரிக் கோவில் பட்டியல் மட்டும் வெறுமையாக நிற்கிறது. பிழைச் செய்தியும் இல்லை. தைப்பூசக் காவடிக்கு முன் தளத்தைத் திறந்தாக வேண்டும், மூன்று இரவாகத் தூக்கமில்லை. யாராவது சொல்லுங்கள்.

டர்பன்_செல்வி:
எந்தப் பதிப்பு? அட்மினாக நுழைந்து எக்ஸைடில் (அதோடு வரும் எடிட்டர்) தேடலை ஓட்டினால் விடை வருகிறதா? அங்கே வந்து உலாவியில் வரவில்லை என்றால் அனுமதிதான் காரணம். கெஸ்ட், அதாவது உள்நுழையாத பயனர், படிக்க முடியாத ஆவணங்களை கலெக்‌ஷன் ஃபங்ஷன் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். எனக்கு இதிலேயே ஒரு வாரம் போனது.

பழைய_கை:
நேம்ஸ்பேஸ், அதாவது எக்ஸ்எம்எல் பெயர்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று காட்டும் அடையாளம். வேறு எதுவும் இல்லை. ரூட் எலிமென்டில் டீஃபால்ட் நேம்ஸ்பேஸ் இருக்கும், நீங்கள் வெறும் பெயரைப் போட்டுத் தேடியிருப்பீர்கள். பிஎச்பி பழக்கத்தோடு எக்ஸ்கொயரிக்கு (எக்ஸிஸ்ட்-டிபியின் நிரல்மொழி) வருகிறவர்கள் எல்லாரும் விழுகிற குழி இது. டேட்டா-டெம்ப்ளேட்டில் போட்ட பெயரை வைத்து ஃபங்ஷனைத் தேடி, நோடையும் (அந்த எலிமென்ட்) மாடல் மேப்பையும் (துண்டுகள் பகிரும் தரவு) அதற்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான் டெம்ப்ளேட். ஃபங்ஷனே கிடைக்காவிட்டால் பெரும்பாலும் பிழை வந்திருக்கும். அடிப்படையைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம் தம்பி.

ரோஸ்ஹில்_முருகு:
நேம்ஸ்பேஸ் எதுவும் இல்லை ஐயா, அட்மினாகப் பார்த்தாலும் அப்படியேதான். ஒன்று சொல்ல விட்டுப்போனது. கியூர்பிப், மஹேபூர்க் ஊர்களின் பக்கங்கள் சரியாக வருகின்றன. ரோஸ் ஹில்லும் போர்ட் லூயிஸும்தான் காலி. மெனுவில் இங்கிலீஷ், பிரெஞ்சு, இந்தி, தமிழ் நான்கும் ஒழுங்காக வருகின்றன.

சிலம்பு:
மொரிசியஸ் தமிழ்க் கோவில் தளத்தில் தமிழ் கடைசியா? 1998ல் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குப் பின்னால் அச்சடித்ததற்கு நம் ஆட்கள் கொதித்தெழுந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்களே. அந்த ஊர்க்காரர் நீங்கள்.

பழைய_கை:
மொழிக் குறியீட்டின்படி ஆர்டர் பை (வரிசைப்படுத்தும் கட்டளை) போட்டிருப்பார், அகர வரிசையில் அப்படித்தான் வரும். இதில் அரசியல் எதற்கு?

சிலம்பு:
பார்க்கிறவருக்கு ஆர்டர் பை தெரியாது, தமிழ் கடைசியில் இருப்பதுதான் தெரியும். வரிசை எண்ணை ஒரு பண்பாக (ஆட்ரிபியூட்) வைத்து அதன்படி அடுக்கச் சொல்லுங்கள். நம்பர் என்று மாற்றிவிட்டு அடுக்க வேண்டும், இல்லையென்றால் 10 வந்து 2க்கு முன்னால் நிற்கும்.

மோக்கா_அக்கா:
சண்டை அப்புறம். தம்பி, காலியாக வருகிற இரண்டு ஊரிலும் ஓகாரம் இருக்கிறது, சரியாக வருகிற இரண்டிலும் இல்லை. ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் இரண்டும் வேறு. எழுத்தை யூனிகோட் எண்ணாகக் காட்டும் ஸ்ட்ரிங்-டு-கோட்பாயிண்ட்ஸில் "ரோ" போட்டுப் பாருங்கள். 2992, 3019 வந்தால் ஒன்று. 2992, 3015, 3006 வந்தால் பிரிந்து கிடக்கிறது. பட்டியல் எங்கிருந்து வந்தது?

ரோஸ்ஹில்_முருகு:
சங்கத்தின் பழைய உறுப்பினர் ஏடு அக்கா, பழைய எழுத்துருவில் அடித்திருந்ததை ஒருவர் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார். பக்க முகவரியில் உள்ள ஊர்ப் பெயர் நான் கைப்பேசியில் அடித்தது, அதை வைத்துத்தான் பட்டியலில் தேடுகிறேன்.

மோக்கா_அக்கா:
அப்போது அதுதான். நார்மலைஸ்-யூனிகோட் ஃபங்ஷனைப் போடுங்கள், வடிவம் எதுவும் சொல்லாவிட்டால் என்எஃப்சி, அதாவது சேர்த்து ஒன்றாக்கும் வடிவம்தான் எடுக்கும். தேடுகிற இடத்தில் அதைப் பண்பைச் சுற்றிப் போடாதீர்கள், தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் உதவாமல் போய்விடும். தரவு முழுவதையும் ஒருமுறை மாற்றிச் சேமித்துவிடுங்கள். வெளியிலிருந்து வரும் ஊர்ப் பெயருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் போட்டால் போதும்.

பழைய_கை:
ஓகாரத்தை நான் கவனிக்கவில்லை, சரியான கண்டுபிடிப்பு. இருந்தாலும் நேம்ஸ்பேஸையும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோஸ்ஹில்_முருகு:
3015, 3006 தான் இருந்தது. ரோஸ் ஹில்லில் எங்கள் கோவில் பெயர் வந்துவிட்டது. மெனுவிலும் தமிழை இந்திக்கு முன்னால் வைத்துவிட்டேன். நன்றி அக்கா.

டர்பன்_செல்வி:
எந்தப் பதிப்பு என்று இன்னும் சொல்லவில்லையே, பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.